எடையைப் பற்றிய பேச்சை முதலில் பெரியவர்கள் நிறுத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் ஞாயிறு பதிப்பில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் எடையைக் குறைப்பது எப்படி என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாம், பசித்தால் வெந்நீர் குடிக்கலாம் என்கிற ரீதியில் போகிறது அது. அதற்குக் கீழேயே மெலிய வைக்கும் ஏதோ ஒரு பானத்துக்குக் கால் பக்க விளம்பரம். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது, தெரியும். ஆனாலும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் புரட்டுகிற பக்கத்தில் இதைப் போடலாமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததும் கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. பினாங்கின் செபெராங் பிறைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் எங்களைப் 'பல் மிஸி' என்பார்கள். நூலகத்திலோ மண்டபத்தின் ஒரு மூலையிலோ மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டு, வகுப்பு வகுப்பாக வரச்சொல்லி வாயைத் திறக்கச் சொல்வோம். பல் பார்ப்பவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சாப்பிட்டதை அடிக்கடி வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு மேல் முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படும் பக்கம், கரைந்து வழவழவென்று ஆகிவிடும். அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும், வயிற்று அமிலமோ அதைவிட மிகக் கடுமையானது. சிரித்தால் வெளியே பல் அழகாகத்தான் தெரியும், கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். கோலா குடிக்கும் பிள்ளைக்கும் பல் கரையும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் கரையும், அதனால் பல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று புரிந்துவிடும்.

அப்படிப் பேசியபோது இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. செகாக் சோதனைக்காக வகுப்பையே மண்டபத்தில் வரிசையில் நிறுத்தி எடை பார்த்தார்களாம், ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க இன்னொருவர் எழுதிக்கொண்டாராம், பின்னாலிருந்த பையன்கள் அந்த எண்ணையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்களாம். "கெமுக் (குண்டு) என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை மிஸி" என்றாள்.

செகாக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நான்காம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை, அதாவது பத்து வயதிலிருந்து பதினேழு வரை, பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் உடல்தகுதிச் சோதனை அது. அதில் உயரமும் எடையும் எடுத்து, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணைக் கணக்கிடுவார்கள். அப்படிக் கணக்கெடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2022-இல் சுகாதார அமைச்சு நடத்திய இளையோர் ஆய்வில், நம் மலேசியப் பதின்ம வயதினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர் என்று தெரியவந்தது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது, நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வுக்கான அறிகுறிகள் உண்டு என்று. முதல் எண்ணை எடுத்துக்கொண்டு பள்ளிச் சிற்றுண்டிச்சாலை வரைக்கும் போனோம். இரண்டாவது எண்ணுக்கும் ஒரு கருத்தரங்கு, ஒரு சுவரொட்டி என்று ஏதோ செய்தோம். இரண்டும் ஒரே பிள்ளைக்குள் இருக்கலாம் என்று யோசித்தவர்கள் குறைவு. எடையைப் பற்றி அவளிடம் நாம் பேசுகிற விதமே அவள் மனதைக் கெடுக்கலாம், மனம் கெட்டால் சாப்பாடும் கெடும்.

இப்படி மனமும் சாப்பாடும் சேர்ந்து கெடுவதைத்தான் உணவுக் கோளாறு என்கிறார்கள். இந்த நோயைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு தப்பான படம் இருக்கிறது. எலும்பும் தோலுமாய்ப் பணக்கார வீட்டு வெள்ளைக்காரப் பெண், அவ்வளவுதான். உண்மையில், அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்க்கும் புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் பார்க்கச் சாதாரண எடையில்தான் இருப்பார்கள். ஒரே மூச்சில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் குற்ற உணர்ச்சியில் கிடக்கிற இன்னொரு வகை உண்டு, அவர்களில் பலர் பருமனாகவே இருப்பார்கள், அதனால் அவர்களுக்கு நோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, 'வாயைக் கட்டு' என்று புத்திதான் சொல்வார்கள். பையன்களுக்கும் வருகிறது. நெஞ்சு அகலமாக வேண்டும், வயிற்றில் கட்டம் தெரிய வேண்டும் என்று ஜிம்மே கதியாகக் கிடந்து, சோற்றைக் கண்டாலே ஒதுங்குகிற பையனை நாம் 'கட்டுப்பாடான பிள்ளை' என்று பாராட்டிக்கொண்டிருப்போம். மனநோய்களில் உயிரை எடுப்பதில், எடை கூடிவிடுமோ என்று பயந்து சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்சியா முன்வரிசையில் நிற்கிறது. இதயத் துடிப்பு குறைந்துபோகும், மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயதில் பலம் இழக்கும். ஓயாமல் வாந்தியெடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து திடீரென்று இதயம் தடுமாறலாம். உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி கன்னம் உப்பிவிடுவதும் உண்டு, மெலிய வேண்டும் என்று தொடங்கிய பிள்ளை கண்ணாடியில் உப்பிய கன்னத்தைப் பார்த்து இன்னும் பயந்து போகும்.

'திமிர்', 'அடம்', 'கொழுப்பு' என்று வீட்டில் திட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டு ஆறு மாதங்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மறுபடி சாப்பாடு கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை, பசி மட்டுமே இவ்வளவையும் செய்தது. அப்படியிருக்க, ஒழுங்காகச் சாப்பிடாமல் பல மாதம் ஓட்டிய பதினாலு வயதுப் பிள்ளை முறைத்தால் அது திமிரா?

நம் வீடுகளுக்கு வருகிறேன். தீபாவளிக்கு மூன்று வீடு போனால் மூன்று வீட்டிலும் வாசலிலேயே தொடங்கிவிடும். "என்ன பாப்பா, ஊதிட்டே?" "அம்மா சமையல் நல்லா வேலை செய்யுது போல." அடுத்த வருஷம் இளைத்துப் போனால், "இப்பத்தான் பார்க்க அம்சமா இருக்கே, என்ன செஞ்சே, என் மகளுக்கும் சொல்லிக் கொடு." இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பெரிய பயம். ஏனென்றால் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று பாராட்டுகிற அத்தைக்குத் தெரியாது, பாராட்டு வந்தபிறகு அதை நிறுத்தவும் பிள்ளைக்கு மனம் வராது. அதே அத்தைதான் முறுக்குத் தட்டை நீட்டி, வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார், அது வேறு கதை. பூசின உடம்புதான் லட்சணம் என்று பேசிய பாட்டிமார் இருந்த சமூகம்தானே நாம், எங்கே மாறினோம் என்று தெரியவில்லை.

பிஜித் தீவில் இது எப்படி மாறியது என்று ஒருவர் கண் முன்னால் பார்த்திருக்கிறார். அங்கேயும் நல்ல சதைப்பிடிப்பான உடம்பைத்தான் அழகென்று நினைத்தார்கள். 1995-இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதே அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தியெடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998-இல் கேட்டபோது 11.3 விழுக்காட்டினர் ஆமாம் என்றார்கள். அது வீட்டு மூலையில் இருந்த ஒற்றைத் தொலைக்காட்சிப் பெட்டி காலம். இன்றைக்குப் போர்வைக்குள் கைப்பேசி. தன் தளம் பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய தாழ்வு எண்ணத்தை மோசமாக்குகிறது என்று இன்ஸ்டாகிராம் நிறுவனத்துக்குள்ளேயே செய்த ஆய்வு 2021-இல் வெளியே கசிந்தது, உங்கள் நாளிதழிலும் அப்போது வந்திருக்கும்.

விரதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கோபம் வரலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் குடும்பம்தான் எங்களுடையதும், விரதத்தைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பூச விரதம் முடிந்ததும் சஷ்டி, அது முடிந்தால் வெள்ளி, அப்புறம் புரட்டாசி சனி என்று ஒரு பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துக்கொண்டே போனால், விரதம் முடிக்கும் நாளில்கூடப் பாயாசத்தைத் தொட மறுத்தால், அது பக்திதானா என்று ஒருமுறை யோசியுங்கள். பக்தியுள்ள பிள்ளை என்று அம்மா கோயிலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளைக்கு அது நல்ல மறைவிடமாக ஆகிவிடும். பரதநாட்டிய வகுப்புகளிலும் அரங்கேற்ற உடைக்கு அளவெடுக்கும் நாளில் இடுப்பைப் பற்றி விழும் பேச்சுகளை நானே பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

மெலிய வைக்கும் பானம், மாத்திரை விற்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. சிபுட்ராமின் என்ற மருந்து இதயத்துக்கு ஆபத்து என்பதால் 2010-இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. இணையத்திலும் கைமாற்றாகவும் விற்கப்படும் மெலிவுப் பொருள்களில் அது கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 'இயற்கை மூலிகை' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் போதும், நம்பி வாங்கிப் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறோம்.

சரி, பள்ளியில் என்ன செய்யலாம். இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுவார்கள். ஒரு தன்முனைப்புப் பேச்சாளரைக் கூப்பிட்டு, முந்நூறு பேரை மண்டபத்தில் உட்கார வைத்து, எலும்புக்கூடாய் இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைத் திரையில் காட்டி, 'இப்படி ஆகிவிடுவீர்கள்' என்று பயமுறுத்தி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தயவுசெய்து அது வேண்டாம். இந்த நோயின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தப் படம் எச்சரிக்கையாகத் தெரியாது, போட்டிக்கு அழைப்பது போலத் தெரியும். எத்தனை கிலோ, எப்படிச் செய்தார்கள் என்ற விவரம் போனால் அது வழிகாட்டியாகிவிடும். சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போவார்களே என்று பயப்படும் பெற்றோர்கள் முழுக்கத் தப்பாகப் பயப்படவில்லை, எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலன் கொடுத்த முறைகள் உலகத்தில் இருக்கின்றன. எரிக் ஸ்டைஸ் என்பவரும் அவர் குழுவும் உருவாக்கிய ஒரு முறையில் பெண்பிள்ளைகள் சின்னக் குழுவாக உட்கார்ந்து, மெலிந்தால்தான் அழகு என்ற எண்ணத்துக்கு எதிராக அவர்களே வாதம் பண்ணுவார்கள், அவர்களே எழுதுவார்கள், நடித்துக் காட்டுவார்கள். தங்களைவிடச் சின்னப் பெண் ஒருத்திக்கு, உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டு என்னென்ன இழப்பாய் என்று கடிதம் எழுதுவது அதில் ஒரு வேலை. யாரும் உபதேசம் செய்வதில்லை. தன் வாயால் பலர் முன்னால் சொன்னதை விட்டு நழுவுவது மனதுக்குக் கஷ்டம், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். உடம்பைப் பற்றிய மனக்குறை உள்ள பதின்ம வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், மூன்று ஆண்டுகளில் உணவுக் கோளாறு வருவது, இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட 60 விழுக்காடு குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பையன்களையும் பெண்களையும் சேர்த்து உட்கார வைத்து, விளம்பரப் படத்தை எப்படி வெட்டி ஒட்டி மெருகேற்றுகிறார்கள், யாருக்கு அதில் லாபம் என்று எட்டுப் பாடங்களில் அலசவைத்த திட்டத்தின் பலன் இரண்டரை ஆண்டு கழித்தும் தெரிந்தது.

இதையெல்லாம் இங்கே கொண்டுவரப் புதிய பாடம் தேவையில்லை. உடற்கல்வி, சுகாதாரக் கல்வி என்று ஒரு பாடவேளை ஏற்கெனவே இருக்கிறது, உணவும் உணர்ச்சிகளும் அதிலேயே வருகின்றன. பல பள்ளிகளில் தேர்வு நெருங்கினால் முதலில் கணிதம் பிடுங்கிக்கொள்வது அந்த வேளையைத்தான். அதைக் காப்பாற்றி, படிவம் ஒன்றிலேயே, ஆறாம் ஆண்டில் முடிந்தால் இன்னும் நல்லது, குழுவாக உட்கார்ந்து பேசும் வகுப்பாக மாற்றலாம். கேலி செய்தால் என்ன சொல்வது, மனம் கனத்தால் யாரிடம் போவது, பசியும் கவலையும் எப்படிக் குழம்பிக்கொள்கின்றன, இதெல்லாம் பேசலாம், நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைவான தமிழ்ப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பதில்லை. அங்கிருந்து பெரிய இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, புது மொழி, புது நண்பர்கள், பூப்படையும் வயது எல்லாம் ஒரே வருடத்தில் வந்து மோத, மனதில் உள்ளதை மலாயில் அந்நிய ஆசிரியரிடம் சொல்லத் தடுமாறும். தமிழ் பேசும் ஆலோசகர்கள் இடைநிலைப் பள்ளிகளுக்குச் சுற்றில் வந்து போகும்படி ஓர் ஏற்பாட்டைப் பினாங்கில் உள்ள நம் இயக்கங்கள் கேட்டு வாங்கலாம், கல்விநிதி வசூலிக்கும் ஊக்கத்தில் கால்வாசி போதும்.

ஆனால் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதற்கு முன்னால் பெரியவர்களுக்கு எடுக்க வேண்டும், என் வாதமே இதுதான். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி மெருகேற்றுகிறார்கள் என்று பள்ளியில் கற்றுக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், அப்பா தட்டைப் பார்த்து "இன்னும் ஒரு தோசையா" என்று கேட்டால் வகுப்பு அங்கேயே முடிந்தது. மறுபடியும் மினசோட்டாதான், அங்கே பல ஆண்டுகளாக இளையோரின் சாப்பாட்டுப் பழக்கத்தை ஆராய்ந்த குழு ஒன்று, பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகளில் இறங்குவது அதிகம் என்றும், எடையை விட்டுவிட்டு நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசும் வீடுகளில் குறைவு என்றும் கண்டது. ஆஸ்திரேலிய மாணவிகளைப் பற்றி 1999-இல் வந்த ஆய்வில், கடுமையாக டயட் இருந்தவர்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு டயட் இல்லாதவர்களைவிட 18 மடங்கு.

"நம் சமூகத்தில்தான் இனிப்புநீர் அதிகம், எடையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டில் இந்தியர்களிடம்தான் நீரிழிவு அதிகம், எங்கள் வீட்டிலேயே உண்டு. அதனால்தான் சொல்கிறேன், சீனி போட்ட பானத்தை வீட்டிலேயே வாங்காதீர்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், சாயங்காலம் எல்லாருமாக நடக்கப் போங்கள். குண்டான மகளுக்கு மட்டும் தனிச் சட்டி, தனிச் சட்டம் என்று வைக்காதீர்கள். வெட்கப்படுத்தி மெலிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை, ஒளித்து வைத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செகாக் விஷயத்தில் செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஒரு தடுப்புத் திரை வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எண்ணைச் சத்தம்போட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டால் போதும். தலைமையாசிரியர் நினைத்தால் அடுத்த சோதனைக்கே செய்யலாம், சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளைக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படுகிற பெற்றோர்கள், தானாகச் சரியாகும் என்று தள்ளிப்போடாதீர்கள். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான சிகிச்சை முறையில் பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்கு அவர்கள் கையிலேயே கொடுத்துப் பிள்ளையைத் தேற்றுகிறார்கள், நோய் வந்து அதிக காலம் ஆகாத இளம் பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பலன் தருகிறது. பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ச் சொன்னால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான் ஆசிரியரே. மாணவர் பக்கத்தில் எடைக் குறைப்புக் குறிப்பு வேண்டாம். மெலிவு விளம்பரம் வருமானம் தருகிறது, தெரியும், அதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து தள்ளியாவது போடுங்கள். நடிகை எத்தனை கிலோ குறைத்தார் என்ற செய்தி இல்லாமலும் சினிமாப் பக்கம் ஓடும். அந்த இடத்தில் மாதம் ஒருமுறை நம் ஆலோசக ஆசிரியர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு 'பல் மிஸி'
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பி.கு.: மனநல டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளைகூடப் பல் பார்க்க வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பல் கிளினிக்கில் சிகிச்சை இலவசம். அங்கே போய், பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், திட்டமாட்டார்கள்.